ஓடக்கோலின் மகிமை

தண்ணீரில் செல்லும் வாகனங்களைப் பற்றி எழுதியவர்கள் பாயைப் புகழ்ந்திருக்கிறார்கள்; துடுப்பைப் பாராட்டியிருக்கிறார்கள்; சுக்கானைக் கொண்டு வேதாந்தமே பேசியிருக்கிறார்கள். ஆனால் படகின் ஓரத்தில் கேட்பாரற்று நீட்டிக் கிடக்கும் மூங்கிற் கழியை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. பார்ப்பதற்கு அது கொடியில் துணி உலர்த்தும் கோலைப் போலத்தான் இருக்கிறது. ஆகையால் ஜனங்கள் அதை அலட்சியம் செய்வதில் ஆச்சரியமில்லை.

நம் சங்கப் புலவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. காவிரியில் வெள்ளம் பெருகியதென்று சொல்ல வந்தபோது அவர்கள் ஓடக்காரனின் கோலைத்தான் அளவுகோலாக எடுத்துக் கொண்டார்கள். ஊன்றிய கழை நிலைகொள்ளாத வெள்ளம் என்பது அவர்கள் கண்ட கணக்கு. இத்தனை அடி, இத்தனை கன அடி என்று பத்திரிகையில் படித்துவிட்டு, அது எவ்வளவு என்று தெரியாமல் விழிக்கும் நமக்கு, அந்தக் கணக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது!

தமிழில் ‘கழி’ என்றால் கோலுக்கும் பெயர்; கடலோரத்தில் உப்புநீர் தேங்கும் உப்பங்கழிக்கும் பெயர். இரண்டுக்கும் உறவு உண்டா என்பதைப் பண்டிதர்கள் தீர்மானித்துக் கொள்ளட்டும். கழியில் போவதற்குக் கழி வேண்டும் என்ற மட்டில் படகோட்டிகளுக்குச் சந்தேகமே கிடையாது.

துடுப்பு தண்ணீரைத் தள்ளுகிறது. பாய் காற்றை வாங்குகிறது. கோல் ஒன்றுதான் நிலத்தைத் தொடுகிறது. அதன் பலமும் இதுதான். அதற்குள்ள கட்டுப்பாடும் இதுதான். அடியில் இருப்பது மணலா, சேறா, கல்லா என்று ஒவ்வொரு ஊன்றலிலும் அது கேட்டுத் தெரிந்து கொண்டுதான் படகை நகர்த்த வேண்டும். எனவே தண்ணீருக்குத் தண்ணீர் கோலும் வேறாகிறது, அதைப் பிடிக்கும் விதமும் வேறாகிறது. இதைக் கண்ணால் காண வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம். சென்னைக் கால்வாய், பழவேற்காட்டு ஏரி, காவிரி, அடுத்த வீடான கேரளத்தின் குட்டநாடு ஆகிய நான்கு தண்ணீர்களைப் பார்த்து வந்தாலே போதும்.

மூங்கில் பொறுக்குவது

பிரயாணம் புறப்படுமுன் கோலைத் தேட வேண்டும். பெண் பார்ப்பதைவிட இது சிரமமான காரியம் என்று படகோட்டிகள் சொல்வது வழக்கம்.

முதலில் பார்க்க வேண்டியது வயது. இளம் மூங்கில் பச்சைப் பசேலென்று கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். ஆனால் உலர்ந்ததும் சுருங்கும், வளையும், உளுத்துப் போகும். மூன்று நான்கு வருஷம் புதரில் நின்று முற்றிய மூங்கிலே ஓடத்துக்கு உகந்தது. வெட்டியவுடனே அதைப் படகில் ஏற்றிவிடக் கூடாது. சில வாரங்கள் குளத்திலோ ஓடும் நீரிலோ ஊறப்போட்டால், மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச் சத்து கரைந்து போகும். உளுப்பூச்சி நாடி வருவது அந்த மாவைத்தான். சாப்பாடு இல்லாத வீட்டுக்கு விருந்தாளி வருவதில்லை அல்லவா? பிறகு நிழலில் உலர்த்தி, கோணல் இருந்தால் இளந்தணலில் வாட்டி நிமிர்த்த வேண்டும். கணுக்களில் துருத்திக் கொண்டிருப்பதைச் சீவி வழவழப்பாக்க வேண்டும். கையை அறுக்கும் கணு உதவாது. அதற்காக ஆழமாகச் சீவினாலோ கழி அந்த இடத்திலேயே ஒரு நாள் முறியும்.

அடுத்தது ஜாதி. முள் மூங்கில் உள்ளே கூடுள்ளது, கனமற்றது, கை தவறினால் மிதக்கும். கல் மூங்கிலோ ஏறக்குறைய உள்ளே கெட்டியானது, கனமுள்ளது, போட்டவுடன் அடியைத் தேடிப் போகும். தேங்கிய நீரில் நாள் முழுவதும் தள்ளுகிறவனுக்கு முன்னது சௌகரியம், தோள் வலிக்காது. ஓடும் நீரில் அதே கழி அடியைத் தொடுவதற்குள் வெள்ளம் அதை இழுத்துக் கொண்டு போய்விடும். அங்கே கனமான கோல்தான் பேசும். கீழைக் கடற்கரையில் மூங்கில் கிடைக்காதவர்கள் சவுக்குக் கழியையும் உபயோகிப்பதுண்டு. அது நேராக இருக்கும்; ஆனால் கனம் அதிகம்.

நீளத்துக்குச் சூத்திரம் எளியது. தண்ணீரின் ஆழம், அதன்மேல் படகில் நிற்பவனின் உயரம், பின்புறம் சாய்த்துத் தள்ளுவதற்கு இன்னும் கொஞ்சம். இடுப்பளவு தண்ணீருக்கு 12 அடிக் கோல் போதும். ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஆழமென்றால் 18 அடிக்குக் குறைந்தால் ஆகாது. அதற்கு மேலும் நீளம் வேண்டுமானால் கோலை வைத்துவிட்டுத் துடுப்பை எடுப்பதே புத்திசாலித்தனம்.

கால்வாயில்

சென்னையின் நடுவே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்ளும் இன்றைய தலைமுறைக்கு, அது ஒரு காலத்தில் ராஜபாட்டையாக இருந்ததென்று சொன்னால் நம்புவது கஷ்டம். 1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. பிறகு வடக்கேயும் தெற்கேயும் நீண்டு, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரையில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் தூரம் கடலோரமாகவே சென்றது. 1877, 1878-ஆம் ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய ஜனங்களுக்குக் கூலி கொடுப்பதற்காகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். வெட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் மட்டும் கால்வாய்க்கு நிலைத்துவிட்டது.

விறகும் உப்பும் நெல்லும் கிளிஞ்சலும் இந்த வழியாகத்தான் பட்டணத்துக்கு வந்தன. ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் விறகு எரிந்துதான் சென்னையின் அடுப்புகளில் சோறு வெந்தது என்று சொன்னால் மிகையாகாது. பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போன அனுபவத்தைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார்.

காற்று இருந்தால் பாய். கரை நன்றாக இருந்தால் கயிறு கட்டிக் கரையோடு நடந்து இழுப்பது. இரண்டும் இல்லாத இடத்தில் கோல். இதுதான் கால்வாய் முறை. கால்வாய் மனிதர் வெட்டியது. ஆகையால் அடி சமம், ஆழம் ஏறக்குறைய ஒரே அளவு, நீரோட்டம் சொற்பம். கோல் ஓட்டப் பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பாரமேற்றிய பெரிய படகில் ஓடக்காரன் முன்னணியத்தில் கோலை ஊன்றி, மேல்முனையைத் தோளில் தாங்கி, படகின் ஓரப் பலகைமேல் பின்னணியம் வரையில் நடந்து செல்வான். உண்மையில் அவன் நிற்கும் இடத்திலேயே நிற்கிறான். படகுதான் அவன் காலடியில் முன்னே நகர்கிறது! பின்னே சேர்ந்ததும் கோலை உருவிக்கொண்டு திரும்பவும் முன்னே ஓடி வருவான். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை மைல் படகுக்குள்ளேயே அவன் நடந்திருப்பான் என்று கணக்குப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பது பழமொழி. இங்கே ஓடத்தின் சரக்கு முழுவதும் ரயில் வண்டியிலும் லாரியிலும் ஏறிவிட்டது. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. 1990-களில் பட்டணத்துக்குள் அதன் மார்பிலேயே தூண்களை நட்டு ரயில் விட்டார்கள். 2008-ஆம் ஆண்டில் இதையும் சேர்த்துத் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். அறிவிப்பு மிதக்கிறது, படகு மிதப்பதற்கு முதலில் அடியிலுள்ள சாக்கடைச் சேற்றுக்கு வழி சொல்ல வேண்டும். இன்று அங்கே கோலை ஊன்றினால் அது எவ்வளவு தூரம் இறங்கும் என்பதைக் கால்வாய்தான் சொல்ல வேண்டும்.

ஏரியில்

கால்வாயின் வழியே வடக்கே சென்றால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கடலோடு சேரும் முகத்துவாரங்களில் ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் பரந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அது இடுப்புக்கு மேல் வராது. பூநாரைகள் நடு ஏரியில் நின்றுகொண்டு இரை தேடுவதிலிருந்தே இதைத் தெரிந்து கொள்ளலாம்.

பரந்த நீர், குறைந்த ஆழம், தடையில்லாத காற்று. கோலின் ராஜ்யம் என்றால் இதுதான். ஆனால் அடி ஒரே மாதிரி இராது. முகத்துவாரத்தின் பக்கம் மணல். ஆரணி ஆறு வந்து விழும் இடத்தில் வண்டல். உள்ளே போகப் போகக் களிச்சேறு. மணலில் கோல் ஊன்றினால் தரையில் கைத்தடி ஊன்றியது போல நிற்கும். சேற்றில் ஊன்றினால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தள்ளும் பலமெல்லாம் சேற்றைக் குத்துவதிலேயே செலவாகும். அதனால் சேற்றுக் கோலின் அடிமுனை அகலமாக இருக்க வேண்டும். சிலர் மூங்கிலின் வேர்ப்பக்கத்துத் தடித்த முனையைக் கீழே வைத்துக் கொள்கிறார்கள். முனையில் சிறு கவையோ கட்டையோ சேர்த்துக் கட்டுவதும் உண்டு. கூரான முனைக்குச் சேற்றில் வேலையே இல்லை.

நான் போன படகில் இரண்டு கழிகள் கிடந்தன. படகோட்டி எழுபது வயதை எட்டியவர்.

“ஏன் பெரியவரே, ஓட்டுகிறவர் ஒருவர்தானே? கழி இரண்டு எதற்கு?” என்று கேட்டேன்.

“ஒன்று மணலுக்கு, ஒன்று சேற்றுக்குங்க. கல்யாணத்துக்குப் போற செருப்பைப் போட்டுக்கிட்டு வயலுக்குப் போவீங்களா ஐயா?” என்றார்.

அவர் கோல் போடும் அழகைப் பார்த்துக் கொண்டே இருக்கலாம். பின்னணியத்தில் கால்களைச் சற்று அகட்டி, முழங்காலைத் தளர்த்தி நின்றார். கோலை எறியவில்லை, படகின் பக்கத்தை ஒட்டினாற்போல் கைக்குள் நழுவ விட்டார். அது அடியைத் தொட்டதும் ஒரு கணம் பொறுத்தார். படகு முன்னே நகர்ந்து கோல் பின்புறம் சாயும் வரையில் பலத்தைச் செலவிடவில்லை. நேராக நிற்கும் கோலைத் தள்ளினால் படகு மேலே எழும்ப முயலுமே தவிர முன்னே போகாது. சாய்ந்தபின் ஒரு கைமேல் ஒரு கையாகக் கோலின் மேல்முனை வரையில் ஏறித் தள்ளினார். கடைசியில் கோலை உடனே தூக்காமல் பின்னே இழுபட விட்டு, அதையே சுக்கானாக்கிப் படகின் முகத்தைத் திருத்திக்கொண்டார்.

சேற்றுப் பகுதிக்கு வந்ததும் ஒரு மாறுதல் செய்தார். தள்ளி முடித்ததும் கோலைச் சற்றே திருகிவிட்டு உருவினார். திருகாமல் இழுத்தால் சேறு கோலை விடாது. படகோ போய்க்கொண்டே இருக்கும். அப்போது மனிதன் படகோடு போவதா, கோலோடு இருப்பதா என்று தீர்மானிக்க ஒரு நொடிதான் அவகாசம். கோலை விட்டுவிட வேண்டும் என்பதே அநுபவஸ்தர் தீர்ப்பு. கோலைப் பிறகு துடுப்பு வளித்துக்கொண்டு வந்து எடுத்துக் கொள்ளலாம். கோலைக் கட்டிக்கொண்டு ஏரி நடுவில் தொங்குகிறவனைப் பார்த்துப் பூநாரைகூடச் சிரிக்கும்.

வழியில் ஓரிடத்தில் பெரியவர் கோலை ஊன்றி, எடுத்து, ஈரம் ஏறியிருந்த அளவைப் பார்த்தார். முகம் வாடிற்று.

“இந்த இடம் முந்தி இடுப்பளவுங்க. இப்போ முழங்காலுக்கு வந்துடுச்சு. முகத்துவாரம் தூர்ந்தா கடல் தண்ணி உள்ளே வராது. கடல் தண்ணி வராட்டி இறால் ஏது, மீன் ஏது?”

அவருக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல, வயிற்றுக் கணக்கு. பழவேற்காட்டில் வலை போடும் இடங்களுக்குப் ‘பாடு’ என்று பெயர். இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலை போடலாம் என்று மீனவர்களே சீட்டுப் போட்டு முறை வகுத்துக் கொண்டிருக்கிறார்கள். அடி உயர்ந்து ஒரு பாடு கெட்டால், அந்த முறைக்கு உரியவர்களின் வீட்டில் அன்று உலை ஏறாது. சங்கப் புலவர் கோலைக் கொண்டு வெள்ளத்தின் பெருக்கை அளந்தார். இவரோ அதே கோலைக் கொண்டு ஏரியின் மெலிவை அளக்கிறார்.

ஆற்றில்

தேங்கிய நீரிலிருந்து ஓடும் நீருக்கு வந்தால் சாஸ்திரமே மாறிவிடுகிறது. ஏரியில் தள்ளாவிட்டால் படகு நிற்கும். ஆற்றில் தள்ளாவிட்டால் படகு பின்னே போகும்!

ஒகேனக்கல்லில் பாறை இடுக்கில் பாயும் காவிரியிடம் கோலின் பேச்சு எடுபடாது. அங்கே ஆழம் கோலுக்கு அடங்காது; பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பால் வட்டப் பரிசலை வளைத்துக்கொண்டு போகிறார். கரையோரத்தில் நீர் மெலிந்து கல் தட்டும் இடங்களில்தான் கோலுக்கு வேலை வருகிறது. கற்படுகையில் வெறும் மூங்கில் வழுக்கும். முனையும் பிளந்து பூப்போல விரியும். ஆகையால் அடியில் இரும்புப் பூண் மாட்டி, சிறு முள் வைப்பது நலம். அதே இரும்பு முனையைச் சேற்றில் போட்டால் மடக்கென்று இறங்கிவிடும். ஒரு தண்ணீரின் குணம் இன்னொரு தண்ணீரில் குற்றமாகிறது.

சமவெளியில் இறங்கிய காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் மணல்தான் படுக்கை. பாலங்கள் வருமுன் துறைக்குத் துறை ஓடம் இருந்தது. எதிர்க்கரைத் துறைக்கு நேரே படகை விடுவது புதியவன் செய்யும் காரியம். ஓடக்காரன் முதலில் கரையை ஒட்டியே மேல்நோக்கிக் கோல் போட்டுக்கொண்டு வெகு தூரம் போவான். கரையோரத்தில் வேகம் குறைவு. கோலுக்கும் நிலை உண்டு. போதிய உயரம் ஏறியபின் படகின் முகத்தை ஓட்டத்துக்குச் சற்றே சாய்வாகத் திருப்பி ஆற்றுக்குள் விடுவான். வெள்ளமே படகைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்த் துறையில் சேர்க்கும். நடு ஆற்றில் கோல் நிலைகொள்ளாமல் போகும் கணத்தில் அதை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டும். அந்தக் கணத்தை அறிந்தவன் ஓடக்காரன், அறியாதவன் பிரயாணி.

மேல்நோக்கிப் போகையில் கோல் மணலில் நிலைத்து நிற்கும் நேரம் சொற்பம். முனையைச் சுற்றியுள்ள மணலை வெள்ளம் உடனே அரிக்கத் தொடங்கிவிடும். எனவே நீண்ட தள்ளல் கூடாது. குறுகிய, விரைவான ஊன்றல்கள் வேண்டும். கீழ்நோக்கி வருகையில் கோலுக்கு வேறு உத்தியோகம். அப்போது அது தள்ளுவதற்கல்ல, தடுப்பதற்கு. படகுக்கு முன்னே பக்கவாட்டில் ஊன்றி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நேர் முன்னால் ஊன்றினாலோ படகு கோலின்மேல் ஏறி, ஓட்டுகிறவனை ஆற்றுக்குக் காணிக்கை கொடுத்துவிடும்.

குட்டநாட்டில்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், பம்பையும் மணிமலையும் அச்சன்கோவிலும் மீனச்சிலும் கொண்டுவந்து சேர்த்த வண்டலே குட்டநாடு. வேம்பநாட்டுக் காயலைச் சுற்றியுள்ள இந்தப் பூமியில் நெல் வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. வயலைவிட வாய்க்கால் உயரம்! வரப்புக்கு மேலே படகு போவதையும் கீழே நாற்று ஆடுவதையும் அங்கேதான் காணலாம்.

கோலுக்கு அங்கே ‘கழுக்கோல்’ என்று பெயர். நம் காதுக்கு அந்நியமாகவே தோன்றாத சொல். ஒருவர் ஏறும் கொதும்பு வள்ளத்திலிருந்து நெல் மூட்டைகள் ஏற்றிய கெட்டுவள்ளம் வரையில் இதுதான் துணை. கெட்டுவள்ளம் ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டுவது, ஆணி கிடையாது. காயலில் காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். தோட்டுக்குள் நுழைந்ததும் கழுக்கோலை எடுப்பார்கள். வளைந்து வளைந்து போகும் குறுகலான தோடுகளில் துடுப்பை வீச இடமில்லை. கோலுக்கோ ஒரு சாண் இடம் போதும். கரையில் நங்கூரமிடவும் வேண்டியதில்லை. கோலைச் சேற்றில் ஆழக் குத்தி, அதிலேயே வள்ளத்தைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். மற்ற இடங்களில் ஓடக்காரனுக்குச் சத்துருவான சேறு இங்கே வேலைக்காரனாகிவிடுகிறது.

கெட்டுவள்ளங்கள் இப்போது நெல் சுமப்பதில்லை. உல்லாசப் பிரயாணிகளைச் சுமக்கின்றன. பெரும்பாலும் யந்திரந்தான் அவற்றை ஓட்டுகிறது. ஆனாலும் துறையை நெருங்கியதும் யந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழுக்கோலைத் தேடுகிறார்கள்.

யந்திரமும் கோலும்

யந்திரத்தின்மேல் எனக்குத் துவேஷம் ஒன்றுமில்லை. பழவேற்காட்டிலும் இன்று அநேகப் படகுகளில் யந்திரம் இருக்கிறது. எழுபது வயதில் கோல் போடுவதைப் பார்த்து ரசிப்பது நமக்குச் சுலபம். போடுகிறவரின் தோளைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லும். அவருடைய பேரன் யந்திரப் படகு வாங்கினால் அதைக் குறை சொல்ல நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. யந்திரம் தண்ணீரின் மேற்பரப்பைத்தான் அறியும். அடி அதன் சுழலியில் தட்டும்போதுதான் அதற்குத் தகவல் போகிறது. அதற்குள் சுழலி உடைந்திருக்கும். கோல் போடுகிறவனோ ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை தண்ணீரின் அடியைத் தொட்டுப் பார்க்கிறான். எங்கே மணல் ஏறியது, எங்கே சேறு படிந்தது, எந்த வாய்க்கால் குறுகியது என்று சம்பளமில்லாமல் சர்வே செய்கிறான். நம் கால்வாயும் ஏரியும் ஒரே நாளில் தூர்ந்து போகவில்லை. விரல் விரலாக, சாண் சாணாகத்தான் தூர்ந்தன. அதை முதலில் அறிந்தவர்கள் கோல் பிடித்தவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

முகத்துவாரத்தை ஆழப்படுத்துவதற்கும் கால்வாயைப் புதுப்பிப்பதற்கும் அதிகாரிகள் வருகிறபோது அளவுக் கருவிகளோடு தாராளமாக வரட்டும். கூடவே, ஐந்தாறு தலைமுறையாக அந்த நீரில் கழி ஊன்றிய குடும்பத்துப் பெரியவர் ஒருவரையும் அவருடைய இரண்டு கழிகளோடு படகில் ஏற்றிக் கொள்ளட்டும். அவர் உட்காருவதற்கு நாற்காலி வேண்டாம். பின்னணியத்தில் நிற்பதற்கு இடம் விட்டால் போதும்.